மாட்டாஸ்பத்திரி மைக்

ஜூலை 3, வியாழன்

பெரிய டாக்டர் இன்று ஒரு வேலை கொடுத்தார். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி புதுக் கட்டடம் திறக்கிறோம். வாசலில் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். இங்கே வேலை செய்கிறவர்களின் படம், பெயர், எங்கிருந்து வந்தார்கள், முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஆளுக்கு நாலு வரி. எல்லோரிடமும் கேட்டு நான் எழுத வேண்டும். விழா அன்று மைக்கில் படிக்கிறதும் நான்தான்.

"உங்களை உட்டா இந்த ஆஸ்பத்திரில மைக்கப் புடிக்க ஆளேதுங்க?" என்றார். டாக்டர் மருதாசலம் அறுபதைத் தாண்டிய மனிதர். எங்களை மட்டுமில்லை, மாட்டையும் 'வாங்க, நில்லுங்க தாயி' என்றுதான் சொல்வார். உதைக்கிற மாட்டையும் அப்படித்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது வருடம் அறிவிப்புச் சொன்னவள் நான். "பழனி, ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் செல்லும் பேருந்து" என்று ஆரம்பித்தால் தூங்குகிறவன் எழுந்து பையைத் தேடுவான். பிறகு அங்கே பதிவு செய்த குரலைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒட்டன்சத்திரம் என்று ஒழுங்காகச் சொல்ல வராது. தொலையட்டும். இங்கே வந்து ஆடு, மாடு, நாய், பூனைக்கு டோக்கன் கூப்பிடுகிறேன். இதிலும் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பெயர் குணவதி. பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

தொண்டை இன்றும் கரகரப்பு. வெந்நீர் குடித்தேன்.

ஜூலை 5, சனி

நானும் வீட்டுக்காரரும் கோயம்புத்தூர் போய் வந்தோம். கழுத்தில் இருப்பது தைராய்டு கட்டியாம். மூச்சுக்குழாயை அமுக்குகிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். கெட்ட கட்டியா இல்லையா என்பது எடுத்துப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே போகிறதாம். நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு மட்டும் குரல் போய்விடும் அல்லது மாறிவிடும், பயப்படாதீர்கள் என்றார். பயப்படுகிற மாதிரி சொல்லிவிட்டுப் பயப்படாதே என்றால் என்ன அர்த்தம்?

கெட்ட கட்டியாக இருந்தால் கூட ஒரு வழி பார்க்கலாம். குரல் போனால் நான் யார்? இரண்டு இடத்திலும் எனக்குச் சோறு போட்டது அதுதான். அது இல்லாத குணவதியை எனக்கே தெரியாது.

விழா முடியட்டும். மைக்கில் ஒரு முறை முழுசாகப் படித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு கத்தியோ கடப்பாறையோ எதை வேண்டுமானாலும் வைக்கட்டும். ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது மனுஷன் என் பையையும் தன் மடியில் வைத்துக்கொண்டார். தாராபுரத்தில் வேகவைத்த கடலை வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 8, செவ்வாய்

முதலில் நாச்சிமுத்துவைப் பிடித்தேன். எங்கள் அட்டெண்டர். மாட்டைப் பிடிக்கிறது, கட்டுகிறது, புரட்டுகிறது, கழுவுகிறது எல்லாம் அவன்தான்.

"என்னத்தச் சொல்றது அக்கா, மாடு புடிக்கறவன்னு எழுதிக்க."

"அது எனக்குத் தெரியாதாடா? முன்னால என்ன பண்ணிட்டிருந்தேன்னு சொல்லு."

பல்லடத்தில் தறி ஓட்டியிருக்கிறான். அது பிடிக்காமல் ரேக்ளா பந்தயத்துக்கு மாட்டுவண்டி ஓட்டப் போயிருக்கிறான். ஒரு மில்காரரின் காளையை ஓட்டிக்கொண்டிருந்தபோது அதன் குளம்பில் ஆணி ஏறிச் சீழ் வைத்து, இங்கே கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். காளையின் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக் கிடந்தான். காளை தேறிவிட்டது. மில்காரர் வண்டி அனுப்பினார்.

"காளைய ஏத்தி உட்டுட்டு நானும் ஏறலாம்னுதான் போனேன். அந்நேரம் பாத்து ஒரு எருமை, பிரசவ வலி, கட்டுக்கு அடங்காம முட்டுது. புடிக்க ஆளில்ல. செரி, ஒரு கை புடிப்போம்னு புடிச்சேன். வண்டி போயிருச்சு."

"அப்பறம் போயிருக்கலாமே?"

"அப்பறம் இன்னொரு எருமை வந்துருச்சு."

இதற்கு மேல் அவனிடம் ஒன்றும் பெயரவில்லை. நாலு வரிக்கு இது போதும். ஒரு ஆள் பிழைப்பை மாற்றிக்கொள்ள எவ்வளவோ யோசிப்பான். இவன் ஒரு எருமைக்காக மாற்றியிருக்கிறான், அதுவும் அடுத்தவன் எருமை. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். நேரில் போட்டால் தலைக்கு மேல் ஏறிக்கொள்வான்.

ஜூலை 11, வெள்ளி

டோக்கன் கூப்பிடும்போது குரல் நடுவில் உடைந்துவிட்டது. ஃபேன் காற்று என்று சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

ஒரு ஜெர்சி மாடு, கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தது. டாக்டர் ஷெரின் வயிற்றைக் கிழித்து எடுத்தது. நான் கவுண்டரை விட்டுவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தேன். வெளியே டோக்கன்காரர்கள் திட்டினார்கள். திட்டட்டும்.

ஷெரினுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. குளச்சல் பக்கத்துப் பெண். தோள் வரைக்கும் ரத்தம். கன்றை இழுத்துப் போட்டபோது அதற்கு அசைவே இல்லை. மூக்கில் சளியை வழித்தது, வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டது, மாரைத் தேய்த்தது. தேய்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு விட்டுவிடலாம் என்று தோன்றியது, அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் கன்று தும்மியது. மாட்டுக்காரர் ஓவென்று அழுதுவிட்டார். அந்தப் பெண் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு, "எக்கா, டீ உண்டா?" என்று கேட்கிறது.

டீ குடிக்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டேன். அம்மா கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவராம்.

"எங்க வீட்டுல ஒரு பசுவக் கண்டது கிடையாதுக்கா. எல்லாம் கடலாக்கும். காலேஜில மொத நாளு எருமைய அவுத்து விட்டாங்க. நான் ஓடின ஓட்டத்துல செருப்பு ரெண்டும் போச்சு."

சென்னையில் ஏசி போட்ட நாய் கிளினிக்கில் இரண்டு வருடம் இருந்திருக்கிறது. நல்ல சம்பளம். ஒருவர் விடுப்பில் போனதற்கு மாற்றாக இங்கே வந்தது, பிறகு போகவில்லை.

"ஏன் கண்ணு போகல?"

"அங்க நாய்க்குச் சீக்குன்னா வீட்டுக்காரங்க அழுவாங்க. இங்க மாட்டுக்குச் சீக்குன்னா ஒரு வீடே அழுவுது. விட்டுட்டு எப்படிப் போகதுக்கா?"

எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீயில் இஞ்சி அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

லேப் ஜுனைதா பானு. என் வயதுதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் அப்பாவின் போட்டோ ஸ்டுடியோவில் இருட்டறை வேலை. ஃபிலிம் கழுவுகிறது, பிரிண்ட் போடுகிறது. ஃபிலிம் போனது, ஸ்டுடியோவை மூடினார்கள். இவள் மூலையில் உட்காரவில்லை. தன் மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து லேப் டெக்னீஷியன் படித்துப் பாஸ் செய்திருக்கிறாள்.

"அந்தப் புள்ளைங்க என்னைய 'மேம்'னு கூப்புட்டுதுங்க. நானும் அவங்க கூடத்தான் பரீட்சைக்குத் தலகீழா நின்னேன்" என்று சிரித்தாள்.

காய்ச்சலில் கிடந்த ஒரு கறவை மாட்டின் ரத்தத்தில் பூச்சி இருக்கிறதா என்று அவள் இன்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை பார்த்து இல்லை என்று எழுதிவிடலாம். இவள் மறுபடி மறுபடி ஸ்லைடை நகர்த்திக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மூன்று மணிக்கு மேல் "இருக்குடி" என்று கத்தினாள். மருந்து உடனே போனது. பொறுமை என்றால் என்ன என்று எனக்கு இந்த ஜென்மத்தில் தெரியப் போவதில்லை, தெரிந்தவளைப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

பெரிய டாக்டரிடம் கேட்டால், "பேரும் படிப்பும் போடுங்க, போதும்" என்று ஓடிவிட்டார். மற்றவர்களுக்கு நாலு வரி, இவருக்கு அரை வரியா? விடப் போவதில்லை.

ஜூலை 21, திங்கள்

குட்டு உடைந்துவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். மதியம் யாரும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், தங்கியிருக்கிற உருப்படிகளை ஒரு சுற்று பார்த்து வருவார்கள். தின்றதா, குடித்ததா, சாணி போட்டதா, எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறது. அதுகளுக்கு வாய் இல்லை, அதனால் கண்ணால்தான் கேட்க வேண்டும் என்பார் பெரிய டாக்டர். இந்தக் கூட்டம் ஒரு வாரமாக என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்ததும் ஷெரின் வந்து நின்றது. "எக்கா, நீங்க தண்ணி குடிக்கும்போ கழுத்த ஒரு பக்கமாச் சாய்ச்சாக்கும் குடிக்கீங்க."

"சோறும் பாதிதான் உள்ள போகுது" என்றான் நாச்சிமுத்து. "நானும் பாத்துட்டேதான் இருக்கறேன்."

"போங்கடா வேலையப் பாத்துட்டு" என்று நான் கத்துவதற்குள், ஒரு ஆட்டைப் பார்த்து முடித்த பெரிய டாக்டர் பின்னாலிருந்து வந்து இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்துவிட்டார். மாட்டுக்குப் பிடிக்கிற மாதிரியே. "முழுங்குங்க தாயி" என்றார். நானும் முழுங்கித் தொலைத்தேன். ஹால் முழுக்க ஆடும் மாடும் மனுஷரும் பார்க்கிறார்கள்.

பிறகுதான் அவருக்கே உறைத்தது. சட்டென்று கையை எடுத்தார். "மன்னிச்சுக்குங்க குணவதிம்மா. பழக்கதோசம்." முகம் சிவந்துவிட்டது.

"டாக்டரு, அடுத்து என்னோட ஆடுங்கோ" என்றார் பெஞ்சில் இருந்த ஒரு கிழவர்.

இதற்கு மேல் எதை மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். விழா முடிகிற வரைக்கும் கத்தி வைக்க மாட்டேன் என்றும் சொன்னேன். "எனக்கு இதுதான் கடைசி மைக்கா இருந்தா? அதைப் புடுங்கிக்குவீங்களா?" என்று கத்தினேன். குரல் அதிலும் உடைந்தது.

பெரிய டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "ஆபரேசந்தானுங்க மொதல்ல. பதினஞ்சுக்குள்ள தேறுனா பதினஞ்சாந்தேதி. இல்லீன்னா நீங்க எப்ப வர்றீங்களோ, அப்பத்தான் கட்டடந் தொறப்பு."

"வேற யாரையாச்சும் படிக்கச் சொல்லுங்க."

"வேற ஆளில்லைங்க."

அவ்வளவுதான். அடுத்த ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். கோபத்தில் அடுத்த டோக்கனை நம்பர் மாற்றிக் கூப்பிட்டேன். கோபமா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 28, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். காலையில் டோக்கன் கூப்பிடும்போது ஒவ்வொரு பெயரையும் இழுத்து இழுத்துக் கூப்பிட்டேன். சிலரை இரண்டு முறைகூடக் கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எடுத்தாகிவிட்டது. கழுத்தில் ஒரு கோடு.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு நன்றாக இருக்கிறது, பேசுங்கள் என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டினேன். "உங்க பேரச் சொல்லுங்க" என்றார். தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினேன். சிரித்துவிட்டு, மெதுவாகப் பேசலாம் என்று போய்விட்டார்.

தொண்டைக்கு ஓய்வு நல்லதுதானே. அவசரப்பட்டு எதையாவது கெடுத்துக்கொண்டால் யார் ஜவாப்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வீட்டுக்காரர் தேங்காய்ப்பால் சோறு செய்தார். உப்பு இல்லை. திட்ட வாய் வந்தது, மூடிக்கொண்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். ஒரு சிலேட்டோடு வேலைக்குப் போய்விட்டேன். டாக்டர் இன்னும் பேசக் கூடாது என்றார் என்று எழுதிக் காட்டினேன். வீட்டுக்காரரிடமும் அதையேதான் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

நாச்சிமுத்து டோக்கன் கூப்பிடுகிறான். அதைக் கேட்கிறதுக்குக் கட்டியே இருந்திருக்கலாம். நம்பர், பெயர் எதுவும் கிடையாது. "செவலை மாட்டுக்காரரு வாங்க! காதறுந்த நாயி வாங்க! அந்த மூக்கொழுகற ஆடு, நீங்கதான், வாங்க!" மூக்கொழுகுகிற ஆட்டுக்காரர் தன்னைச் சொல்கிறான் என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

கூண்டுகளில் மாட்டுகிற அட்டை ஒன்றை ஷெரின் என் நாற்காலியில் மாட்டிவிட்டது. 'கஞ்சி: முக்கால். தண்ணீர்: சரி. சத்தம்: இல்லை.' சிலேட்டால் அதன் தலையில் ஒன்று போட்டேன்.

புதுக் கட்டடத்துக்கு வெள்ளை அடித்து முடித்துவிட்டார்கள். பந்தல்காரர் தேதி கேட்டு வந்தார். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

ரிப்போர்ட் வந்தது. கெட்ட கட்டி இல்லை. ஜுனைதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லோருக்கும் மைசூர்பாகு. ஒரு துண்டு புரையேறி நான் இருமினேன்.

ஜுனைதா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஷெரினைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா டாக்டர்? இருமல் கணீர்னு இருக்கு."

"நரம்பு போனவங்களுக்கு இப்படி இரும வராது" என்றது ஷெரின். "எக்கா, நெசமாட்டே பேசக் கூடாதுன்னு சொன்னாரா?"

ஆமாம் என்று சிலேட்டில் எழுதினேன். பெரிதாக எழுதினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதியம் பெரிய டாக்டர் என் கவுண்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "என்னைப் பத்திக் கேட்டீங்கல்லங்க. எழுதிக்குங்க" என்றார். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

நான் பேனாவை எடுத்தேன்.

"எனக்கு மனுச டாக்டராகணும்னுதானுங்க ஆசை. மார்க்கு பத்தல. இது கெடச்சுது, வந்தேன். எங்கப்பாவுக்கு அது பெரிய அவமானமுங்க. ஊருக்குள்ள 'பையன் டாக்டருக்குப் படிக்கறான்'னு மட்டுந்தான் சொல்லுவாரு. மாட்டு டாக்டர்ங்கற வார்த்தை அவரு வாயில கடைசி வரைக்கும் வரல. ஒரு பொண்ணு பேசி, பூ வெக்கற அன்னிக்கு வெசயம் தெரிஞ்சு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவரு சாகறப்பக் கூட, பக்கத்துப் படுக்கைக்காரரு 'உங்க பையன் எந்த ஆஸ்பத்திரி'ன்னு கேட்டதுக்குத் திரும்பிப் படுத்துட்டாருங்க."

எனக்கு எழுத ஓடவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அதனால இப்படிப் போடுங்க. மனுசனுக்கு ஆகாதவன், மாட்டுக்கு வந்தான். இங்க இருக்கறவங்க பூராவும் அப்படித்தானுங்க. நாச்சிமுத்து தறிக்கு ஆகாதவன். ஷெரின் சென்னைக்கு ஆகாதது. ஜுனைதாம்மா ஸ்டுடியோ மூடினதுல மிச்சம். நீங்க பஸ் ஸ்டாண்டுல வேண்டாம்னு அனுப்புனவங்க. எங்கியும் ஆகாததெல்லாம் சேந்து நடத்தற ஆஸ்பத்திரி. இதுக்கு ஒரு பலகை, ஒரு விழா..."

"வாய மூடுங்க சார்!"

யார் கத்தியது என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. என் குரல் இல்லை அது. கீழே இறங்கிப்போய், ஓரமெல்லாம் பிசிறடித்த ஏதோ ஒரு குரல். ஆனால் என் வாயிலிருந்துதான் வந்தது, நிற்கவும் இல்லை.

"யாரு ஆகாதவங்க? அடுத்தவன் எருமையப் புடிச்சு நின்னு வண்டிய உட்டானே, இவன் ஆகாதவனா? செத்த கன்னுக்கு உசுரு வர்ற வரைக்கும் தேச்சுட்டே இருந்துச்சே, இந்தப் புள்ள ஆகாததா? பொழுதுக்கும் பட்டினியா உக்காந்து பூச்சியக் கண்டுபுடிச்சாளே, அவ மிச்சமா? உதைக்கற மாட்ட 'தாயி'ன்னு கூப்பிடற மனுசன நான் எந்த ஆஸ்பத்திரிலயும் பாத்ததில்ல சார். கோயமுத்தூர்ல என்னை அறுத்த டாக்டரு என் பேரக் கூடப் படிச்சுத்தான் சொன்னாரு. நீங்கெல்லாம் நான் தண்ணி குடிக்கறதப் பாத்தே கண்டுபுடிச்சீங்க. உங்களப் பத்தி இன்னொரு வார்த்தை தப்பாப் பேசுனீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

மூச்சு வாங்கியது. ஹாலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு கிடாரிக் கன்று மட்டும் கயிற்றை மென்றுகொண்டிருந்தது. நாச்சிமுத்து ஈயென்று இளித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா இளிப்பு?"

"படுத்த மாடு அக்கா. எந்திரிக்கச் சத்து இருக்கும், பயந்துட்டு எந்திரிக்காது. அதுக்கு முன்னால ஒரு நாயக் கொண்டாந்து உடுவோம். நாயப் பாத்ததும் கோவத்துல எந்திரிச்சுப் போடும்."

"அப்ப சாரு நாயா?"

பெரிய டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் மூக்கைச் சிந்தி அழுதேன். ஜுனைதா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு அவரிடம் தனியாகக் கேட்டேன். "அப்ப எல்லாம் பொய்யிங்களா சார்?"

"உங்களப் பத்தியெல்லாம் சொன்னது பொய்யிங்க" என்றார். "என்னைப் பத்திச் சொன்னது நெசந்தானுங்க." ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார்.

ஆகஸ்ட் 13, புதன்

வீட்டுக்காரரிடம் "சோத்துல உப்பு இல்ல" என்றேன். மனுஷன் தட்டை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பந்தல்காரருக்குத் தேதி சொல்லியாகிவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

படித்தேன்.

பழைய குரல் வரவில்லை. இனி வராது என்றுதான் நினைக்கிறேன். வந்த குரலை வைத்துப் படித்தேன். பந்தல் நிறைந்து வெயிலிலும் ஆட்கள் நின்றார்கள். மாட்டோடு வந்தவர்கள் மாட்டோடு நின்றார்கள். நாச்சிமுத்து, ஷெரின், ஜுனைதா என்று ஆளுக்கு நாலு வரி. ஷெரினின் அம்மா குளச்சலிலிருந்து வந்து முன் வரிசையில் இருந்தார். மகள் பெயரைக் கேட்டதும் ஏலக் குரலில் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அந்த அம்மாவுக்கு மைக்கே வேண்டாம்.

கடைசியாகப் பெரிய டாக்டர். ராத்திரி நாலு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அதையும் அடித்துவிட்டேன். பெயருக்குப் பின்னால் இரண்டே வார்த்தைதான் மிஞ்சியது.

"டாக்டர் மருதாசலம். மாட்டு டாக்டர்."

கடைசி வார்த்தையில் குரல் அடைத்துக்கொண்டது. தொண்டைமேல் பழி போட மாட்டேன். அவர் மேடை ஓரத்தில் தலை குனிந்து நின்றார்.

"பின்னாடி கேக்கலீங்கோ!" என்று மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற யாரோ கத்தினார்.

மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன்.